கோழி தூங்கும் நேரத்தில் பிளாக் தெரியாது

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி தீவனக் கம்பெனிக்காரன் என் மச்சினனுக்குக் கொடுத்தது. அவன் எழுதுகிற ஆள் இல்லை, என்னிடம் தள்ளிவிட்டான். ஆறு மாதமாக டிராயரில் கிடந்தது. தாள் நல்ல தாள், வீணாக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். நாமக்கல் சேலம் ரோட்டில் தார்ப்பாய்க் கடை. லாரியில் சுமை ஏற்றி மேலே போர்த்துகிறார்களே, அந்தத் தார்ப்பாய். இருபத்தொன்பது வருடமாக இதே கடை, இதே நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி.

பிரச்சினை என் மகள். பெயர்தான் மௌனிகா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டுதான்: "அப்பா, நான் கடைக்கு வர்றனுங்க."

நாள் முழுக்க டிரைவர்கள் வந்து போகிற இடம். கிரீஸும் பீடிப் புகையும். இவள் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள்? நேரே மறுத்தால் அம்மாவும் மகளும் சண்டைக்கு வருவார்கள். அதனால் இன்று காலை ஒரு வழி செய்தேன். "கடைக்கு இன்டர்நெட்டுல எழுதறதுக்கு ஒரு பிளாக் ஆரம்பி சாமி. அத மொதல்ல ஒரு நல்ல எடத்துல வை. அப்பறம் நாற்காலியப் பத்திப் பேசலாம்" என்றேன். ஒரு மாதம் ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

மத்தியானமே ஒரு தாளை நீட்டினாள். பிளாக் வைக்க இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்று ஓசி. இன்னொன்று மாத வாடகை, ஒரே கம்ப்யூட்டரில் பலரோடு சேர்ந்து இருக்க வேண்டும். "இதுல ஒண்ணச் சொல்லுங்கப்பா, சாயங்காலத்துக்குள்ள வெச்சர்றேன்" என்கிறாள்.

சாயங்காலத்துக்குள்ளாமே! இடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

வாடகைக் கம்பெனிக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தது. மரியாதையான பெண். சர்வர், அதாவது அந்த வாடகைக் கம்ப்யூட்டர், மும்பையில் இருக்கிறதாம்.

"அது எந்தத் தெசையப் பாத்து இருக்குதுங்க?"

"சார்?"

"வாசல் எந்தப் பக்கம்ங்க? வடக்கா, கெழக்கா?"

நான் கேட்டதை அந்தப் பெண் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தது. பிறகு, என் கேள்வியை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னது. அக்கம்பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதச் சொன்னேன். மௌனிகா பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

ஜூன் 12

மழை இல்லை. வியாபாரம் இல்லை. ஈ ஓட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

காங்கேயம் போய் வந்தோம். மௌனிகாவுக்கு ஒரு வரன். ரைஸ் மில், சொந்த வீடு, கிழக்குப் பார்த்த வாசல். கிணற்றை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பேங்க் மேனேஜர், எதிர் வீட்டில் சித்த வைத்தியர். நல்ல இடம்தான். பையனும் தங்கமான பையன். பிள்ளையின் அம்மா, "எங்க ஊட்டுக்கு வந்துட்டா உங்க பொண்ணு கடை கண்ணின்னு எங்கியும் அலைய வேண்டீதில்லீங்க, ஊட்ல இருந்தாப் போதும்" என்று சொன்னார். சாந்தாமணிக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

திரும்பும்போது காரில் மௌனிகா கேட்டாள்: "பிளாக்குக்கும் வாசல் பாத்தீங்க, எனக்கும் வாசல் பாத்தீங்க. எதுக்குப்பா முன்பணம் குடுக்கறீங்க?"

இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று அதட்டினேன். கரூர் ரோடு முழுக்க அவள் போனில் ஏதோ படித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் கை காலெல்லாம் வலித்தது. காரில் உட்கார்ந்தே வந்ததால் இருக்கும்.

ஜூன் 18, புதன்

மும்பையிலிருந்து பதில் வந்துவிட்டது! யாரோ மூத்த என்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சர்வர் வைத்திருக்கிற அலமாரி வடகிழக்குப் பார்த்து இருக்கிறதாம். காம்பஸ் வைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு மனசு நிறைந்துபோனது.

அக்கம்பக்கம் பற்றி அவர் சொல்லவில்லை. மௌனிகா வேறெங்கோ தேடி எடுத்தாள். அந்த ஒரு கம்ப்யூட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடித்தனம். பல் டாக்டர், கூந்தல் தைலம், குதிரை வாடகைக்கு விடுகிறவர், கல்யாண சமையல். பரவாயில்லை, எல்லாம் தொழில் செய்கிற குடும்பங்கள்தான் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். நூற்று நாற்பதாவது பெயரில் விரல் நின்றது. ரங்கசாமி தார்ப்பாய் ஸ்டோர்.

ரங்கசாமி என் பங்காளி. பெரியப்பா மகன். எதிர்வரிசையில் கடை. பூர்வீக வீட்டு நடுச்சுவர் ஒன்றரை அடி விஷயமாகப் பதினோரு வருடமாக எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை. அவனோடு ஒரே கூரைக்குக் கீழே நானா?

"அது மும்பைங்கப்பா."

"மும்பையா இருந்தா என்ன? ராமேஸ்வரமா இருந்தா என்ன? முடியாது."

ஜூன் 20

ஓசி இடத்தின் விதிமுறைகளை மௌனிகா படித்துக் காட்டினாள். எந்த நேரத்திலும் எந்தக் காரணமும் சொல்லாமல் காலி செய்யச் சொல்லலாமாம். அப்படிப்பட்ட இடமே வேண்டாம், போ என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மச்சினன் லோகநாதன் சாப்பிட வந்தான். மோகனூர் ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். முப்பதாயிரம் கோழி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கறிக்குழம்பை வழித்துக்கொண்டே சொன்னான்:

"மாமா, எதுக்கு ஊரான் எடத்துல போய் நிக்கறீங்க? நம்ம பண்ணையில வெச்சுக்குங்க. கேமராவுக்குப் போட்ட நெட் லைன் இருக்குது. கரண்ட் போனா ஜெனரேட்டர் தானா ஓடும். கோழிக்கு ஒரு நிமிசம் காத்தாடி நின்னாக்கூட ஆகாதுங்க. உங்க பிளாக்குக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

நான் எழுந்து போய் அவன் தோளில் தட்டினேன். சொந்த இடம், சொந்த மனிதன், வாடகை இல்லை, பங்காளி இல்லை. கடையில் சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டரையே வைத்துவிடலாம்.

மௌனிகா ஏதேதோ சொன்னாள். தூசி, சூடு, பாதுகாப்பு. நாங்கள் இருவரும் வாஸ்து பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "சரிங்கப்பா. அப்பிடியே பண்ணிரலாம். ஆனா வெச்சதுக்கு அப்பறம் நாற்காலி பேசறதாச் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

சொன்னேன்தான். இவ்வளவு சீக்கிரம் இடம் அமையும் என்று யார் கண்டது?

ஜூன் 27, வெள்ளி

வளர்பிறை, நல்ல நேரம் ஏழரைக்கு. பண்ணையின் தீவன அறையில், மின்சார சாமான் என்பதால் அக்னி மூலையில் கம்ப்யூட்டரை வைத்தோம். சந்தனம், குங்குமம் வைத்தேன். குடிபுகுகிற இடமாயிற்றே என்று சாந்தாமணி அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். கிழக்கே பொங்கியது. பக்கத்து ஷெட்டில் முப்பதாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் கத்தியது. மங்கள வாத்தியம் என்றான் லோகநாதன்.

முதல் கட்டுரையை மௌனிகா எழுதியிருக்கிறாள். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காமல் தார்ப்பாய் கட்ட ஏழு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். படத்தில் இருக்கிற கை அவளுடையது. நாலாவது முடிச்சு என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரங்கசாமி அதற்காக ஒரு காலத்தில் என் கடை வேலையாளையே இழுக்கப் பார்த்தான். இவளுக்கு அதை நான் சொல்லித் தந்ததாக ஞாபகமே இல்லை. பள்ளிக்கூட லீவில் கடையில் சுற்றிக்கொண்டிருந்தபோது பார்த்துக் கற்றிருக்கிறாள். படத்தில் என்னைவிடச் சுத்தமாகப் போட்டிருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் பார்த்தவர்கள் பதினான்கு பேர். அதில் பதினோரு பேர் நாங்களும் சொந்தக்காரர்களும்.

ஜூன் 29

ஒரு பக்கம் திறக்க மூன்று நாலு நிமிடம் ஆகிறது. அவசரப்படாத பிளாக். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பிளாக் காணாமல் போகிறது. காலை ஐந்து மணிக்குத் திரும்பி வருகிறது. மூன்று நாளாக இதே கதை. இன்று மௌனிகா பண்ணைக்குப் போய்க் கண்டுபிடித்தாள். அது சுற்றி அடைத்த புது மாதிரி ஷெட். உள்ளே விளக்கு எல்லாம் டைமரில் ஓடுகிறது. கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் தூக்கம். தீவன அறை பிளக்கும் அதே லைன்தான். கோழி தூங்கப் போகும்போது பிளாக்கும் தூங்கப் போகிறது.

டைமரை மாற்றச் சொல்லிக் கேட்டேன். லோகநாதன் பதறிவிட்டான். "அய்யோ மாமா, கண்ட நேரத்துல வெளிச்சம் பட்டா முட்டை கொறஞ்சு போயிருமுங்க!"

மௌனிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம கடையவுந்தான் ஒம்பது மணிக்குச் சாத்தறோம். பிளாக் மட்டும் எதுக்கு முழிச்சிருக்கோணும்?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது நியாயமாகப் பட்டது.

ஜூலை 3, வியாழன்

முதல் மழை. நான் பண்ணையில் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கடையில் வேலையாள் லீவு, மௌனிகாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது கடை வாசலில் ஆறு லாரி வரிசையாக நிற்கிறது. விபத்து என்று நினைத்து ஓடினேன்.

விபத்து இல்லை. சிமெண்ட் லாரி ஒன்றின் மேல் நின்று மௌனிகா கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே டிரைவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆந்திரா டிரைவரும் உண்டு.

"என்னங்க கூட்டம்?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"ராத்திரி டிபன் சாப்ட்டுட்டுப் போன்ல முடிச்சுப் பாடம் படிச்சனுங்க. மூணாவது முடிச்சப் படிச்சுட்டு நாலாவதத் தொறக்கறேன், பொட்டுனு அமந்துபோச்சு. மழை வேற வருது. மீதியக் கத்துக்காம எப்பிடிங்க போறது? அதுல போட்டிருந்த அட்ரசுக்கு நேரா வந்துட்டேன்."

ஆறு பேரும் அப்படியே. எல்லாரும் எட்டே முக்காலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் மூன்றாவது முடிச்சில் கோழி தூங்கிவிட்டது. வந்தவர்களில் நாலு பேர் புதுத் தார்ப்பாய் வாங்கினார்கள். ஒரு லாரியைத் தூரத்திலிருந்து பார்த்தே, "அண்ணா, உங்களுக்கு முப்பதுக்கு இருபத்திநாலு அடித் தார்ப்பாய் பத்தாது, மூலையில தண்ணி நிக்கும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் என் கடையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் அவள் பை இருந்தது.

ஜூலை 5

காங்கேயத்திலிருந்து போன். ஆடிக்கு முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதர்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் தொந்தரவு.

ஜூலை 9, புதன்

பிளாக் செத்துவிட்டது. பகலிலேயே காணவில்லை. போய்ப் பார்த்தால், கூண்டிலிருந்து தப்பித்த ஒரு கோழி, கதகதப்பாக இருக்கிறதென்று கம்ப்யூட்டர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. பெட்டி கொதிக்கிறது. கோழியைத் தூக்கினால் அடியில் ஒரு முட்டை.

லோகநாதன் முட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மௌனிகா கட்டுரையை எல்லாம் தனியாக எடுத்து வைத்திருக்கிறாளாம், ஒன்றும் போகவில்லை. "இப்ப எங்கப்பா வெக்கறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது பிளாக்கைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. நான் கோழியைத் தூக்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் போனேன்.

ஜூலை 11

சாந்தாமணி சொல்லிவிட்டாள்: "உங்குளுக்கும் முடிவு பண்ணத் தெரியல, அவளுக்கும் சொல்லத் தெரியல. ஞாயித்துக்கெழம கோயலுக்குப் போய்ப் பூக் கேட்டர்லாமுங்க."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்கிறவர் மனசுக்குள் கேட்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

குலதெய்வம் கோயில். நான் தேங்காய்ப் பழத் தட்டைக் கொடுத்தேன். மூன்று பேரும் கண்ணை மூடி நின்றோம். பிளாக்கை வாடகை இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூ.

சந்தோஷமாகக் காரில் ஏறினோம். மூவரும் சந்தோஷமாக இருந்ததுதான் வினை. சாந்தாமணி உடனே காங்கேயத்துக்குப் போன் போடப் போனாள்.

"யாருக்கும்மா?"

"மாப்பிள்ள ஊட்டுக்குத்தான். இந்த வரன் முடிக்கலாமான்னு கேட்டேன், வெள்ளப் பூ குடுத்துட்டா."

"அய்யோ அம்மா! நான் கடையில உக்காரலாமான்னு கேட்டேன். வெள்ளப் பூ எனக்கு வந்தது!"

ஒரு பூ, மூன்று கேள்வி. வண்டியை ஓரம் கட்டினேன். யார் முதலில் கண் மூடியது, யார் நேர் எதிரே நின்றது என்று கால் மணி நேரம் வாக்குவாதம். முடிவு வராமல் பூசாரிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவர் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்: "அதுல என்னுங்க கொழப்பம்? தேங்காத் தட்டு ஆரு கையில இருந்து வாங்குனனோ, அவிய கேட்டதுக்குத்தான் ஆத்தா பதில் சொல்லும்."

தட்டைக் கொடுத்தது நான்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க என்ன கேட்டீங்க?" என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன். வெயில் அதிகம். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 14

சொல்லவில்லை. பல் வலி என்று படுத்துக்கொண்டேன். பல் வலி இல்லை.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது.

பதின்மூன்றாம் தேதி நான் எழுதியிருப்பது பொய். சொந்த டைரியிலேயே பொய் எழுதுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். பிளாக்கைப் பற்றி நான் அம்மனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கண்ணை மூடியதும் பிளாக்கும் வரவில்லை, மும்பையும் வரவில்லை. சிமெண்ட் லாரி மேல் நின்று கயிறு இழுத்தவள்தான் வந்தாள். "ஆத்தா, இந்தப் புள்ள என்கூடவே இருக்கட்டுமா?" என்றுதான் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்ணைப் பெற்றவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அதைத்தான் கேட்டேன். ஒரு மாதமாக இடம் சரியில்லை, திசை சரியில்லை என்று நான் இழுத்ததெல்லாம் எதற்கு என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. காங்கேயத்துக்கும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை, கடைக்கும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிளாக்கைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மௌனிகா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பிறகு நானே காங்கேயத்துக்குப் போன் செய்தேன். "பொண்ணு எங்க கடையப் பாத்துக்கப் போகுதுங்க. அதுக்கு உங்குளுக்குச் சம்மதம்னா ஆடி கழிச்சுப் பேசலாமுங்க. இல்லீன்னா மனசுல வெச்சுக்காதீங்க." யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கோபப்படவில்லை. சொன்னேனே, நல்ல மனிதர்கள்.

சாந்தாமணி இன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் கடைக்கு வந்த டிபன் கேரியர் வழக்கமான மூன்று அடுக்கு இல்லை. ஐந்து அடுக்கு. இரண்டு ஸ்பூன்.

கடைக்கு இன்னொரு நாற்காலி வாங்கினேன். எந்தத் திசையைப் பார்த்துப் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவளே ரோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிளாக்கை மும்பைக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். ரங்கசாமி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நூற்று நாற்பதாவது வீட்டில்தானே. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இரவிலும் தெரியுமாம். பக்கம் சட்டென்று திறக்கிறது. திறந்து பார்த்தேன். முடிச்சு மூன்றுதான் இருந்தது.

"மீதி நாலு எங்க சாமி?"

"போடலீங்கப்பா. கோழி தூங்குனதாலதான் கூட்டம் வந்தது. அந்தப் பாடத்த மறக்கலாமா?"

மூன்றாவது முடிச்சுக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: மீதி நேரில். கேட்க வேண்டியவர்: மௌனிகா, கடையில் இருப்பார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தையைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு தடவை படித்தேன்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. எடுத்து ஹலோ என்றேன்.

"தார்ப்பாய்க் கடைங்களா? அந்த நாலாவது முடிச்சு..."

பதினோரு வருடமானாலும் எனக்கு அந்தக் குரல் தெரியாதா? ரோட்டுக்கு எதிரே பார்த்தேன். ரங்கசாமி அவன் கடைக்குள் போனைக் காதில் வைத்தபடி, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"இருங்க. அதெல்லாம் கடையப் பாத்துக்கறவங்ககிட்டக் கேளுங்க" என்று சொல்லிப் போனை மௌனிகாவிடம் கொடுத்தேன்.

அவள் கேட்டாள், சிரித்தாள். "போன்லயெல்லாம் சொல்ல முடியாதுங்க பெரியப்பா. ரோட்டத் தாண்டி வாங்க, கயித்தோட காட்டறேன்" என்று வைத்துவிட்டாள். என் கடை, என் முடிச்சு, என் பகையாளி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுந்து வாசலுக்கு வந்து, டீக்கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னேன்.